நெய்னா முகம்மது காருக்கு விலை

நெய்னா முகம்மதுவின் கார் கடல் வழியாக வந்தது. தலைமன்னாரில் ரெண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டி, மேலே பனங்கை பரப்பி, அதில் ஏற்றி வந்தார்கள். நடுக்கடலில் காற்று விழுந்துபோனது. பாய் தொங்கிவிட்டது. நெய்னா முகம்மது பொறுமை இல்லாத ஆள். காரில் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். பின்சக்கரம் ரெண்டும் தண்ணீரை அளைந்து அளைந்து வள்ளம் தனுஷ்கோடியில் வந்து தட்டியது. அப்போது எனக்குப் பத்து வயசு, கரையில் நின்று பார்த்தேன். அப்படி நடக்கவே இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

அது மோரிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவில் தடுப்பு வைத்து ரெண்டு துண்டாக இருக்கும். மேலே தகரம் கிடையாது, துணிக்கூரைதான். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு வெயிலை வாங்கிக்கொண்டே போகலாம். எங்கள் ஊர் புதுமடத்தில் வெயிலுக்குக் காசு கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான் என்று மற்ற சங்கு வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். பிறகு மழை பொய்த்த ஒரு வருஷம், இன்ஜினைக் கழற்றி திருப்புல்லாணியில் ஒரு தென்னந்தோப்புக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்துவிட்டார். உடம்பு மட்டும் வீட்டுக் கொல்லையில் நின்றது. நாற்பது வருஷம் அதில் கோழிகள் குடியிருந்தன. அந்தக் கோழிகள் முட்டையிட்டால் கொக்கரிக்காது, ரெண்டு தடவை ஹார்ன் அடிக்கும். என் சைக்கிள் கடைக்கும் அந்தக் கொல்லைக்கும் ஒரே சுவர். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

இந்தக் கரையில் மரைக்காயர் வீட்டில் வீடு என்பது பெண்ணுக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மகன் கட்டிக்கொண்டவளின் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படி நெய்னா முகம்மதுவின் வீடு மகள் லத்தீபாவுக்கு வந்தது. மூத்தவன் பாக்கர், நாலு தெரு தள்ளி, பெண்சாதி மலிகாவின் வீட்டுக்குப் போனான். வாப்பா மௌத்தாகி அடக்கமானபோது காரைப் பங்கு பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோழிக்கூட்டை யார் பங்கு பிரிப்பார்கள்.

பாக்கர் இருபத்தாறு வருஷம் ஷார்ஜாவில் கார்ப் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினான். வந்த மறுநாள் காலையில் தங்கச்சி கொல்லையில் சுத்தியல் சத்தம் கேட்டது. அது ஆறு வருஷம் நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை தவிர. துரு தின்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துத் தகடு வைத்தான். திருப்புல்லாணித் தோப்பைத் தேடிப்போய், அந்தப் பழைய இன்ஜின் இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தோப்புக்காரனுக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்து அதை மீட்டுவந்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். அதனால் தினம் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே வந்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டி முழுக்க ஒற்றி ஒற்றித் துடைப்பான். அடிப்பாகத்துக்கு, வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரி சுறா எண்ணெய். துரு கிட்டே வரவில்லை. பூனைகள் வந்தன. ஒன்பது பூனைகள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். வண்டியை முதல் தடவை தெருவில் ஓட்டியபோது ஒன்பதும் பின்னாலேயே போய், உச்சிப்புளியில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தன.

துணிக்கூரை மட்டும் பாக்கருக்குக் கைவரவில்லை. அதை லத்தீபாதான் தைத்தாள். புருஷன் இறந்துபோன பிறகு புர்காவும் ரவிக்கையும் தைத்துத்தான் அவள் மகள் சஃபாவைப் படிக்க வைத்தாள். அந்த மெஷினில் கெட்டிக் கித்தானைக் கொடுத்து மூன்று மாசம் தைத்தாள். தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். ஊசி எத்தனை ஒடிந்தது என்று அவள் எண்ணவில்லை.

இப்படி இருக்கையில் சஃபாவுக்கு நிக்காஹ் பேசி முடிந்தது. ஆறு மாசத் தவணை. மகளுக்கு வீடு வேண்டுமே. லத்தீபா தன் வீட்டுக்கு மேலே மாடி எடுக்கத் தொடங்கினாள். தூண் வரை வந்து நின்றது. தூணுக்கு மேலே கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. மூன்று அறைக்கும் கூரை போட நாலு லட்சம் வேண்டும். கையில் ரெண்டு இருந்தது. மீதி ரெண்டுக்குத்தான் அவள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காக்கா, வாப்பா வண்டியில எனக்கும் பங்கு இருக்கு," என்றாள் ஒரு நாள். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். "மகனுக்கு ரெண்டு, மகளுக்கு ஒண்ணு. வித்துப் பிரிச்சுருவோம்."

பாக்கர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. "விக்கிறதா? இத யாரு விக்கப்போறா?"

"அப்ப என் பங்குக்கு உள்ளதக் குடுத்துட்டு நீயே வச்சுக்க."

"கோழிக்கூட்டுல உன் பங்கு எவ்வளவு, சொல்லு. இப்பவே தாரேன்."

"கோழிக்கூட்டுக்கு இல்ல. இங்கன நிக்கிதே, இந்த வண்டிக்கு."

அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுக் குறைந்தது. சுத்தியல் சத்தம் கூடியது. மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொல்லைத் திண்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போவாள். அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போவான். நெய்னா முகம்மது வீட்டில் தட்டு கழுவிய முதல் ஆண் அவன்தான். கோபம் அவ்வளவு முற்றியிருந்தது.

இதற்கு நடுவில் இராமநாதபுரத்து ஸ்டுடியோக்காரன் இர்பான் ரெண்டு தடவை வந்து போனான். கல்யாண ஜோடியை இந்தக் காரில் உட்கார வைத்து, தனுஷ்கோடி ரோட்டில் ரெண்டு பக்கமும் கடல் தெரியப் படம் பிடிக்க வேண்டுமாம். நாள் வாடகை தருகிறேன் என்றான். "இது வாடகைச் சைக்கிள் இல்லடா," என்று பாக்கர் அவனைக் கேட் வரைக்கும் துரத்தினான். கேட்டுக்கு வெளியே லத்தீபா அவனை நிறுத்தி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, போன் நம்பர் வாங்கிக்கொண்டதை நான் கடையில் இருந்து பார்த்தேன். பார்த்ததை எல்லாம் நான் சொல்கிற வழக்கம் இல்லை.

கடைசியில் விலை மதிக்க ஆள் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. பாம்பன் ஜெயபால்தான் ஏற்பாடு செய்தான். அவனுக்கு நாலு விசைப்படகு. ஒரு காலத்தில் லத்தீபாவின் புருஷனும் அவனும் பங்காக ஒரு வள்ளம் வைத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் அடிபட்ட வண்டிகளுக்கு விலை மதித்து ஓய்வு பெற்ற சர்வேயர் ராமசுப்பிரமணியன் இராமநாதபுரத்தில் இருக்கிறார், அவரைக் கூட்டி வாரேன் என்றான். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே போய் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் ரெண்டு பக்கமும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

ஆடி மாசத்து வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்த நேரம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் எங்கள் ஊர் ஆடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஐப்பசியில்தான் நிமிரும். கொல்லைக் கொட்டகையில் காரின் மேல் போட்டிருந்த படுதாவைப் பாக்கர் உருவினான். இளம்பச்சை வண்டி. உள்ளே சிவப்பு சீட்டு. சர்வேயர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னங்க இது வாசனை?"

"சுறா எண்ணெய் சார். அடியில பூசியிருக்கு," என்றான் ஜெயபால்.

"வாங்குறவன் வீட்டுல சம்மதிப்பாளா?" என்று கேட்டுவிட்டு சர்வேயர் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்தார்.

லத்தீபா அடுப்படி வாசற்படியில் சுளகை வைத்துக்கொண்டு நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சஃபா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ரெண்டு பேரும் வண்டியைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

சர்வேயர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். இடுக்கில் விரலை வைத்து அளந்தார். காந்தத்தை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தார். டக், டக் என்று ஒட்டியது. இடது பக்க முன் மட்காடில் வைத்தார். காந்தம் வழுக்கிக் கைக்குட்டையோடு கீழே விழுந்தது.

"பட்டி அடிச்சு மொழுகியிருக்கு. எல்லாரும் செய்யிறதுதான்," என்றார். "ஒரு இருபதாயிரம் கழிச்சுக்கலாம்."

பாக்கர் பேசாமல் இருந்திருக்க வேண்டும். விலை இறங்க இறங்க அவனுக்குத்தான் நல்லது. தங்கச்சிக்குக் கொடுப்பது குறையும், வண்டி கையில் நிற்கும். அவன் தாடை இறுகுவதைப் பார்த்தேன். மனசுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணும்போது வாயைத் திறந்துவிட்டான்.

"அது பட்டி இல்ல சார்."

"காந்தம் ஒட்டலயே."

"ஈயம். காய்ச்சி ஊத்தி அரம் போட்டது. உள்பக்கமா லைட்டு அடிச்சுப் பாருங்க."

சர்வேயர் குனிந்து டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது குரல் மாறியிருந்தது. "ஈயம் ஊத்துற கைய நான் பாத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அப்பக் கழிக்கப்படாது. கூட்டணும்."

லத்தீபாவின் விரல் ஒரு நெத்திலியில் நின்று, மறுபடி கிள்ளத் தொடங்கியது.

"இன்ஜின் மாத்துனதுதான?" என்றார் சர்வேயர், பானெட்டைத் தூக்கியபடி. "பழைய வண்டியில சொந்த இன்ஜின் எங்க இருக்கப்போவுது. வேற போட்டிருந்தா விலை பாதிதான்."

பாக்கர் கொட்டகைக் கூரையைப் பார்த்தான். கீற்றில் பல்லி எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்தான்.

"சொல்லு காக்கா," என்றாள் லத்தீபா, தலை நிமிராமல். "தோப்புத் தோப்பா அலைஞ்சது நீயா வேற ஆளா?"

"ஆர்.சி. புக்கு இருக்கு சார்," என்றான் பாக்கர், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவன் போல. "நம்பரு ஒத்து வரும். பாத்துக்கங்க."

நம்பர் ஒத்து வந்தது. சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, துணிக்கூரையை இழுத்து மூடி, உள்ளே உட்கார்ந்துகொண்டார். வெளியே காற்று என்ன பாடுபட்டும் கூரை ஒரு இடத்தில்கூடப் படபடக்கவில்லை. விரலால் தையலை ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார்.

"தொறந்த காருக்குக் கூரைதாங்க பாதி விலை," என்றார் உள்ளே இருந்தபடி. "ஒழுகுற கூரையோட எத்தனையோ வண்டி பாத்துருக்கேன். இது எங்க தச்சது? கோயம்புத்தூரா?"

"இங்கனதான்," என்றான் பாக்கர்.

"இங்க யாரு?"

தன் ஈயத்துக்கு ஏழு எண்ணுவதற்குள் வாய் திறந்தவன், இதற்கு இருபது எண்ணியும் திறக்கவில்லை. கடைசியில், "ஒரு டெய்லரு," என்றான்.

சஃபா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள். லத்தீபா அவள் கையை லேசாகத் தொட்டாள். பிறகு சர்வேயரைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த டெய்லருக்கு இன்னும் கூலி குடுக்கல சார்."



சர்வேயர் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. "இதுல ஒரு சங்கதி இருக்கு," என்றார். "அப்பாரு விட்டுட்டுப் போனது பழைய தகரம். இப்ப நிக்கிறது வேற. உழைப்ப எப்படிக் கணக்குப் பண்றது?"

பாக்கர் இதற்காகவே காத்திருந்தான். "நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கூலி போடுங்க சார். ஷார்ஜாவுல இதப்போல மூணு மடங்கு வாங்குனேன். ஆறு வருஷம், வெள்ளிக்கிழமைய கழிச்சு ஆயிரத்து எண்ணூறு நாளு."

சர்வேயர் டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார். "இருபத்தேழு லட்சம். வண்டி நல்ல ஆளு கிடைச்சா ஆறு போகும். அப்ப வண்டியும் உங்களுக்கு, மேற்கொண்டு தங்கச்சி இருபத்தொரு லட்சம் உங்களுக்குத் தரணும்."

ஜெயபால் டீயைத் துப்பிவிட்டான். பாக்கர் சிரிக்கவில்லை.

"ஆயிரத்து எண்ணூறு நாளும் மத்தியானச் சோறு எங்க அடுப்புலதான் சார்," என்றாள் லத்தீபா. "நிறுத்துனது எங்க கொட்டகையில. அதுக்கும் எதும் போடுவீகளா?"

"சோத்தைச் சொல்லிக் காட்டுறியா?" என்றான் பாக்கர்.

"நீ கூலியச் சொல்லிக் காட்டுன. நான் சோத்தச் சொல்லிக் காட்டுறேன்."

"ஏன் புள்ள, உன் மாடிக்காக என் வண்டியத் தெருவுல நிறுத்தணுமா? இந்த ஊருல எனக்குன்னு ஒரு ஆணி கெடையாது. சட்டைய மாட்டுறது மலிகா வீட்டு ஆணியில. உட்காந்தா உன் வீட்டுத் திண்டு. இது ஒண்ணுதான் என்னோடது."

"மூணுல ரெண்டுதான் உன்னோடது," என்றாள் லத்தீபா. குரல் உயரவில்லை. "மூணாவது என் மகளோட கூரை."

அதற்குப் பிறகு யாரும் டீ குடிக்கவில்லை. சர்வேயர் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றினார். "நான் மூணுன்னும் சொல்லலாம், ஆறுன்னும் சொல்லலாம். மூணுன்னா அம்மா மனசு ஆறாது. ஆறுன்னா ஐயா மனசு ஆறாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவ கை மாறுற சாமானுக்குச் சந்தை விலைன்னு ஒண்ணு இல்லைங்க. நான் போயிட்டு வாரேன்."

"இருங்க சார்," என்றான் ஜெயபால். "படகுல பங்குக்காரங்க பிரியும்போது நாங்க ஒண்ணு செய்வோம். ஒருத்தன் விலை சொல்லணும். ஒரே விலைதான், பேரம் கெடையாது. மத்தவன் அந்த விலைக்கு எடுக்கணும், இல்லாட்டி விடணும். கூடச் சொன்னா, விட்டுட்டுக் காச வாங்கிட்டுப் போயிருவான். கொறச்சுச் சொன்னா, சொன்னவன் படகு போயிரும். அதனால எவனும் சரியாத்தான் சொல்லியாகணும்." லத்தீபா பக்கம் லேசாகத் திரும்பினான். "உங்க வீட்டுக்காரரும் நானும் அப்படித்தான் பிரிஞ்சோம். அவரு கொறச்சுச் சொல்லிட்டாரு."

"தெரியும்," என்றாள் லத்தீபா.

"யாரு விலை சொல்றது?"

"காக்காவே சொல்லட்டும். வண்டியப் பத்தி அவருக்குத்தான் தெரியும்."

பாக்கர் உடனே சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை. சாயந்திர அஸர் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தொழுதுவிட்டு வந்து சொல்கிறேன் என்று வெளியே வந்தான். என் கடை வாசலில் நின்று, பஞ்சர் ஒட்டுகிற தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டு முகத்தைக் கழுவினான்.

"கூத்தையாண்ணே, மூணுன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு."

"அவ பங்கு ஒரு லட்சம். எங்கிட்ட கையில இருக்கு. ஆறுன்னா ரெண்டு. மலிகா வளையலக் கழட்டித் தரமாட்டா."

"மூணுக்கு அவ எடுத்துட்டா?"

பாக்கர் முகத்தைத் துண்டால் துடைத்தான். "எடுக்கணும்னா எனக்கு ரெண்டு லட்சம் வைக்கணும். அவகிட்ட இருக்கிறது கூரைக் காசு. மகளுக்கு நிக்காஹ் வச்சுக்கிட்டு, கூரைக் காச எடுத்துக் கார் வாங்குன உம்மாவ இந்தக் கரையில நீங்க பாத்துருக்கீகளா?"

பார்த்ததில்லை. உண்மையில் பார்த்ததில்லை. கடலில் கார் ஓடிப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

அவன் திரும்பி வந்தபோது எல்லாரும் அதே இடத்தில் இருந்தார்கள். நெத்திலி கழுவி முடிந்து சுளகில் வெள்ளி மாதிரி கிடந்தது. பூனைகள் ஒன்பதும் அதற்கும் காருக்கும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்தப் பக்கம் போவது என்று அவையும் முடிவு செய்யவில்லை.

பாக்கர் உட்காரவில்லை. "மூணு," என்றான்.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றினார். ஜெயபால்தான் கேட்டான்: "மொத்த வண்டிக்கும் மூணு லட்சம். அப்படித்தான?"

"மொத்த வண்டிக்கும்."

"லத்தீபா, அவரு எடுத்தா உனக்கு ஒரு லட்சம் குடுப்பாரு. நீ எடுத்தா அவருக்கு ரெண்டு லட்சம் குடுக்கணும். யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

லத்தீபா எழுந்து, வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். மீன் செதில் போக முழங்கை வரை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பாக்கர் என்னைப் பார்த்தான். நான் பூனைகளைப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது கையில் பிஸ்கட் டின் இருந்தது. அதைக் காரின் பானெட்டில் வைக்கப் போனவள், கீறல் விழும் என்று நினைத்தாளோ என்னவோ, ஜெயபால் கையில் கொடுத்தாள்.

"நான் எடுத்துக்கிறேன்," என்றாள். "எண்ணிப் பாத்து காக்காகிட்ட குடுங்க."

"உம்மா," என்றாள் சஃபா.

"உனக்கு ஒரு ரூமு போதும்னு நேத்து நீதான சொன்ன?"

"சொன்னேன். இதுக்குன்னு தெரியாது."

பாக்கர் முதலில் காது கேட்காதவன் மாதிரிதான் நின்றான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான். அவன் அதை எறிவான் என்று நினைத்தேன். எறியவில்லை. வண்டி சீட்டில் வைத்தான். டின்னை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மறந்துவிட்டு, வெறுங்காலோடு தெருவில் நடந்து போனான். அந்த வெயிலில் தார் ரோடு இளகி இருந்தது. அவன் காலடி இன்னும் அங்கே பதிந்திருக்கிறது. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

சர்வேயர் போகும்போது லத்தீபாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சென்னையில ஒருத்தர் இருக்கார். நான் ஒரு போன் போட்டா நாளைக்கே ஆறோட வருவார். உங்க மாடி முழுக்க முடிஞ்சுரும்."

"நம்பர் குடுத்துட்டுப் போங்க," என்றாள்.

இது எப்படியோ மலிகா வீடு வரைக்கும் போய்விட்டது. நான் சொல்லவில்லை. மலிகா கேட்டாள், அதற்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் காலையிலிருந்து பாக்கர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வருவான். டீ வாங்குவான், குடிக்க மாட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருப்பான். சென்னை வண்டி ஏதாவது தெருவில் திரும்பினால் எழுந்து நிற்பான். முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரெண்டாம் நாளும் இல்லை. கச்சான் நிற்காமல் அடித்தது. என் கடையில் தொங்கிய சைக்கிள் ரிம்மெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

"மூணு நாளா துடைக்கல," என்றான் மூன்றாம் நாள். "அங்கன உப்பு எப்படி ஏறியிருக்கும்னு தெரியுமா அண்ணே உங்களுக்கு?"

"அவ வண்டி. அவ துடைச்சுக்கிறா."

நாலாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தது. பர், பர், பர் என்று தகரத்தில் துணி தேய்க்கிற சத்தம். பாக்கர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான்.

"உலர்ந்த துணி," என்றான். "உலர்ந்த துணியில தேய்க்கிறா அண்ணே. உப்போட சேத்துத் தேய்க்கிறா. பெயின்டு பூரா கீறிப்போகும்."

அடுத்த நிமிஷம் அவன் என் கடையில் இல்லை. நானும் பின்னாலே போனேன், டீக்குக் காசு வாங்க.

லத்தீபா காருக்குப் பக்கத்தில் இருந்த தகரத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காரின் மேல் ஒரு விரல் கூடப் படவில்லை. ஆறு வருஷம் அடுப்படியிலிருந்து பார்த்தவளுக்கு ஈரத்துணி தெரியாதா என்று நான் கேட்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வாளியும், பிழிந்த துணியும் தயாராக இருந்தன.

பாக்கர் யாரையும் பார்க்கவில்லை. துணியை எடுத்தான். பானெட்டில் வைத்து ஒற்றினான். துணி வெள்ளையாக எழுந்தது. அலசிப் பிழிந்து மறுபடி ஒற்றினான். முன் மட்காடு, விளக்கு, கதவு என்று பாதி வண்டியை முடித்தான்.

"சென்னைக்காரன் எப்ப வாரான்?" என்றான் கடைசியில், சக்கரத்துக்குக் கீழே குனிந்தபடி.

"நான் போனே போடல. வித்தா ஒரு தடவதான் ஆறு. அந்த ஸ்டுடியோப் பையன் வருஷம் பூரா மாசத்துல நாலு நாளுக்குப் பேசி, ரெண்டு லட்சம் முன்கூட்டியே குடுத்துட்டான். ஒரு ரூமுக்குக் கூரை போட்டுருவேன். மத்த ரெண்டு ரூமும் வண்டி ஓடித்தான் வரணும்."

பாக்கர் துணியைப் பிழிந்தான். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"சனிக்கிழமை முத நாளு. தனுஷ்கோடி ரோடு," என்றாள். "எனக்கு ஓட்டத் தெரியாது. இந்தக் கியரு வேற யாருக்கும் விழாதாம். தினம் உப்புத் துடைக்கவும் ஆளு வேணும். கூலி எவ்வளவு?"

"நீ சொல்லு. எடுக்குறேனா விடுறேனான்னு நான் சொல்றேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "சார்கிட்ட சொன்னியே, நாளைக்கு ஆயிரத்து ஐநூறுன்னு. அதையே எடுத்துக்க."

பாக்கர் பின்பக்கம் போனான். மடக்கி வைத்திருந்த கூரையின் ஓரத்தில், தையல் மேலே படிந்த உப்பை விரல் நுனித் துணியால் எடுத்தான். மற்ற இடத்தைவிட அங்கே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"அது ஜாஸ்தி," என்றான்.

"எவ்வளவுதான் பெறும்?"

"எண்ணூறு." துணியை அலசினான். "சோறு போட்டா எழுநூறு."

"அந்த டெய்லருக்கு?"

அவன் நிமிர்ந்தான். நாலு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "சனிக்கிழமை போட்டோக்காரன் கேப்பான்ல, கூரை யாரு தச்சதுன்னு. நான் சொல்லுவேன்."

லத்தீபா தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சோற்றுக்கு நெத்திலி ஆணம் கொதிக்கிற வாசனை சுவரைத் தாண்டி என் கடைக்கு வந்தது. பூனைகள் ஒன்பதும் காருக்கு அடியிலிருந்து எழுந்து அடுப்படிப் பக்கம் போயின.

எழுநூறு சரியான விலைதான். ஆனால் அதை மதித்துச் சொல்ல யாரும் என்னைக் கூப்பிடவில்லை.